'ரிலாக்ஸிங் மியூசிக்'னு தேடாதீங்க... பேரைச் சொல்லித் தேடுங்க!

சனிக்கிழமை சாயங்காலம் புதுச்சேரி ஒயிட் டவுன்ல ஏதாவது ஒரு கஃபேக்குள்ள போய் உட்காருங்க. மஞ்சள் சுவர், வாசல்ல காகிதப்பூ, மேஜையில ஐஸ் காபி. பின்னணியில மெதுவா ஒரு பியானோ, அதுக்கு அடியில மழைச் சத்தம், எங்கேயோ தூரத்துல ஒரு மணி. நீங்க போனை எடுத்து 15 நொடி வீடியோ எடுப்பீங்க. 'வைப்'னு ஒரு வார்த்தை போட்டு ஸ்டோரி ஏத்துவீங்க. தப்பில்ல, நானும் செஞ்சிருக்கேன்.

போன மாசம் அப்படி உட்கார்ந்திருந்தப்போ, நிஜமாவே பிடிச்சுப்போய், கவுன்ட்டர்ல இருந்த தம்பிகிட்ட 'இது யாரோட மியூசிக்?'னு கேட்டேன். அவர் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். "தெரியலைண்ணா. 'சில் கஃபே'னு அடிச்சா இதான் வரும். காலையில போட்டா நைட் வரைக்கும் ஓடும்." திரையில ஒரு பேர் இருந்துச்சு. தட்டிப் பார்த்தேன். போட்டோ இல்லை, ஊர் இல்லை, ஆல்பமும் இல்லை. ஒன்றரை நிமிஷம், ரெண்டு நிமிஷத்துல முடியுற துண்டுகள் மட்டும் வரிசையா. ஆனா, கேட்டவங்க எண்ணிக்கை லட்சக்கணக்குல!

பல வருஷமா இசை உலகத்துல ஓடிக்கிட்டிருக்கிற பெரிய சண்டையே இந்தத் திரைக்குள்ளதான் இருக்கு.

ஒரு ஆள்... 650 பேர்!

ஸ்வீடன்ல 'டாகென்ஸ் நிஹேட்டர்'னு ஒரு நாளிதழ். 2024 மார்ச்ல அவங்க ஒரு செய்தி போட்டாங்க. யோஹன் ரோர்ங்கிற ஒரே இசையமைப்பாளர், 650-க்கும் மேற்பட்ட புனைபெயர்கள்ல ஸ்பாட்டிஃபைல பாட்டு வெச்சிருக்கார். எல்லாம் சேர்த்து கேட்கப்பட்டது சுமார் 1,500 கோடி முறை. உலகப் புகழ்பெற்ற பல பாப் ஸ்டார்களைவிட அதிகம். ஆனா, அவரைத் தெருவுல பார்த்தா யாருக்கும் தெரியாது. எப்படி? தூக்கம், படிப்பு, 'அமைதியான பியானோ' மாதிரி மூட் பிளேலிஸ்ட்டுகள்ல அவரோட துண்டுகள் இடம்பிடிச்சதால.

அதே வருஷக் கடைசியில அமெரிக்கப் பத்திரிகையாளர் லிஸ் பெல்லி 'ஹார்ப்பர்ஸ்' இதழ்ல இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். பிறகு 2025-ல 'மூட் மெஷின்'ங்கிற புத்தகமாவே எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: சில தயாரிப்பு நிறுவனங்கள் இசைக் கலைஞர்களுக்கு மொத்தமா ஒரு தொகை கொடுத்து, பேரில்லாத பின்னணி இசையை வாங்குகின்றன. அது குறைந்த ராயல்டிக்கு ஸ்பாட்டிஃபைக்குப் போகுது. அந்தத் துண்டுகள் மூட் பிளேலிஸ்ட்டுகளுக்குள்ள தள்ளப்படுது. 'நாங்கள் போலிக் கலைஞர்களை உருவாக்கவில்லை'ன்னு ஸ்பாட்டிஃபை 2017-லயே மறுத்திருக்கு. சரி, 'உருவாக்கலை'னே வெச்சுப்போம். பிளேலிஸ்ட்டுல யாருக்கு இடம் கொடுக்கிறாங்க என்பதுதானே கேள்வி?

இப்போ இதுக்கு மேல ஏ.ஐ வேற. 2025 நவம்பர்ல பிரெஞ்சு நிறுவனமான டீசர் சொன்ன கணக்கு: அவங்க தளத்துக்கு ஒரு நாளைக்கு வந்து சேர்ற பாட்டுகள்ல 50,000 பாட்டு முழுக்க முழுக்க ஏ.ஐ செஞ்சது. மொத்த வரத்துல 34 சதவிகிதம்! அவங்களே எட்டு நாடுகள்ல எடுத்த சர்வேயில 97 சதவிகிதம் பேரால ஏ.ஐ பாட்டையும் மனுஷன் போட்ட பாட்டையும் பிரிச்சுச் சொல்ல முடியலை. பாடல் வரிகளே இல்லாத, சும்மா மிதக்கிற மாதிரியான இசைக்கு எந்த நிலைமைன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

தூங்கும்போது யாருக்குச் சம்பளம் கொடுக்கறீங்க?

கொஞ்சம் கணக்கு போடுவோம், பயப்படாதீங்க. ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டை 30 நொடி கேட்டாலே அது ஒரு 'ஸ்ட்ரீம்'. நீங்க கட்டுற சந்தா, உங்களுக்குப் பிடிச்சவருக்கு நேராப் போறதில்லை. எல்லாருடைய பணமும் ஒரே உண்டியல்ல விழுது. மொத்த ஸ்ட்ரீம்ல யாருக்கு எத்தனை பங்கோ, அந்த அளவுக்குப் பிரிக்கிறாங்க.

இப்போ பிரையன் ஈனோவோட 'தர்ஸ்டே ஆஃப்டர்நூன்' ஆல்பத்தை எடுத்துக்கோங்க. 1985-ல வந்தது. 61 நிமிஷம், ஒரே டிராக். இசைத்தட்டுன்னா நடுவுல திருப்பிப் போடணும், சி.டி-ன்னா வேண்டாம், அந்த வசதிக்காகவே அவ்வளவு நீளமா செஞ்சார். அதை முழுசா கேட்டா ஒரே ஒரு ஸ்ட்ரீம். அதே ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு நிமிஷத் துண்டுகளைக் கேட்டா 30 ஸ்ட்ரீம். எட்டு மணி நேரம் தூங்கினீங்கன்னா 240! நீங்க குறட்டை விட்டுக்கிட்டிருக்கும்போது, உண்டியல்லேருந்து 240 பங்கு யாருன்னே தெரியாத ஒருத்தருக்குப் போகுது. முழிச்சிருந்து ஒரு மணி நேரம் கவனமா கேட்ட இசைக்குப் போறது ஒரு பங்கு.

ஆம்பியன்ட் இசையோட உயிரே அதோட நீளம்தான். மெதுவா மாறணும், மாறினதே தெரியாம மாறணும். அந்த நீளத்தைத்தான் இந்தக் கணக்கு தண்டிக்குது. அதனாலதான் கஃபேல கேட்ட எல்லாமே ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சது. கலைஞரோட ரசனை இல்லை, கல்லாப்பெட்டியோட ரசனை!

'காதுக்கு நல்லாத்தானே இருக்கு?'

நியாயமான கேள்வி. இந்த இசை பிறந்ததே கவனிக்காமல் கேட்பதற்காகத்தானே? ஓரளவு ஆமாம்.

பாரிஸ்ல எரிக் சாட்டி 1917 வாக்கிலேயே 'மரச்சாமான் இசை'ன்னு ஒண்ணு எழுதினார். நாற்காலி, மேஜை மாதிரி அறையில சும்மா கிடக்கணும், யாரும் கவனிக்கக் கூடாது. 1920-ல ஒரு நாடக இடைவேளையில அதை வாசிக்கவெச்சு, 'பேசுங்க, நடங்க, கவனிக்காதீங்க'ன்னு சொல்லியும் ஜனங்க அமைதியா உட்கார்ந்து கேட்டுட்டாங்களாம். பாவம் மனுஷன்!

ஈனோவோட கதை இன்னும் பிரபலம். 1975 ஜனவரியில விபத்துல அடிபட்டு படுக்கையில கிடக்கிறார். பார்க்க வந்த தோழி ஒரு ஹார்ப் இசைத்தட்டைக் கொண்டுவர்றாங்க. அது ஓடுது. சத்தம் ரொம்பக் குறைவு, எழுந்து போய்க் கூட்ட முடியலை. வெளியே பெய்ற மழையோட அந்த இசையும் கலந்து, அறையோட ஒரு பகுதியாவே ஆயிடுது. அங்கேருந்துதான் 'டிஸ்க்ரீட் மியூசிக்' (1975), 'ஆம்பியன்ட் 1: மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' (1978) எல்லாம். கவனிக்காமலும் விடலாம், கவனிச்சா அதுக்கும் உள்ளே விஷயம் இருக்கணும். ரெண்டும் சேர்ந்ததுதான் அவரோட விதி. பிளேலிஸ்ட் காரங்க முதல் பாதியை மட்டும் எடுத்துக்கிட்டாங்க.

ஈனோ தன் பேரை அட்டையில போட்டார், வரிசை எண் போட்டார். நியூயார்க் பூங்காவுல ஜிதர் வாசிச்சுக்கிட்டிருந்த லராஜியைக் கண்டுபிடிச்சு, 'ஆம்பியன்ட் 3: டே ஆஃப் ரேடியன்ஸ்'னு (1980) அவர் பேர்லயே ஆல்பம் வந்தது. ஒரு பேர் இன்னொரு பேருக்குக் கூட்டிட்டுப் போகுது. மூட் பிளேலிஸ்ட் எங்கேயும் கூட்டிட்டுப் போகாது, அடுத்த மூட் பிளேலிஸ்ட்டுக்குத் தவிர.

இதுக்கு நம்ம நாட்டுலயே அருமையான உதாரணம் இருக்கு. பாலிவுட்ல வாத்தியக்காரரா இருந்த சரண்ஜித் சிங், 1982-ல ரோலண்ட் கம்பெனி மெஷின்களை வெச்சு, 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'னு ஒரு இசைத்தட்டு போட்டார். யாரும் கண்டுக்கலை. 20 வருஷம் கழிச்சு, நெதர்லாந்துக்காரர் எடோ பௌமன் டெல்லியில ஒரு பழைய இசைத்தட்டைக் கண்டெடுக்கிறார். அட்டையில பேர் இருக்கு. தேடிப் போய் மும்பையில ஆளையே பிடிச்சுட்டார். 2010-ல மறுவெளியீடு. 70 வயசுக்கு மேல சரண்ஜித் ஐரோப்பிய மேடைகள்ல வாசிச்சுட்டு, 2015-ல காலமானார்.

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துல 1969-லயே மூக் சின்தசைஸர் வந்து இறங்கியிருக்கு. கீதா சாராபாய், எஸ்.சி.ஷர்மா, ஐ.எஸ்.மாத்தூர்னு பலர் அதுல பதிவு செஞ்ச டேப்கள் அலமாரியில தூங்கிக்கிட்டிருந்தன. பால் புர்கஸ்ங்கிற கலைஞர் தோண்டியெடுத்து, 2023-ல 'தி என்.ஐ.டி டேப்ஸ்'னு ஆல்பமா வந்துடுச்சு. இதெல்லாம் நடந்ததுக்குக் காரணம் பேர் எழுதின ஒரு அட்டை. அந்தக் கஃபே பாட்டை 40 வருஷம் கழிச்சு யாராவது தேடினா, யார் வீட்டுக் கதவைத் தட்டுவாங்க?

நம்ம ஊர்லயே இருக்கு... ஆனா பிளேலிஸ்ட்ல இல்லை!

புதுச்சேரியை 'அமைதி'ன்னு பாக்கெட் போட்டு வித்துக்கிட்டிருக்கோம். இந்த ஊரோட நிஜமான மெதுவான இசை எதுன்னு கேட்டா, எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்?

சுனில் பட்டாச்சார்யா. 1920-ல வங்காளத்துல பிறந்து, அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்து, அங்கேயே பள்ளியில பாடம் நடத்திக்கிட்டு, இசையும் செஞ்சவர். 1998-ல மறைஞ்சார். ஆசிரமத்துல புத்தாண்டு அன்னிக்கு இசை கேட்கிற வழக்கம் உண்டு. ஆரம்பத்துல அன்னை ஆர்கன் வாசிப்பாங்க. பிறகு அந்தப் புத்தாண்டு இசையைச் செய்ற பொறுப்பு சுனிலுக்கு வந்தது. ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு படைப்பு. அரவிந்தரோட 'சாவித்ரி' காவியத்துக்கும் தொடர்ந்து இசை செஞ்சிருக்கார். நம்ம வாத்தியங்கள், மேற்கத்திய வாத்தியங்கள், எலக்ட்ரானிக் கீபோர்டுகள்னு அடுக்கடுக்கா, அவசரமே இல்லாம விரியுற இசை. இதுக்கு 'ஆம்பியன்ட்'னு லேபிள் ஒட்டினா ஆசிரமத்துல ஒத்துக்க மாட்டாங்க. எனக்கும் முழுசா சம்மதம் இல்லை. சில இடங்கள்ல சர்ச் ஆர்கன் மாதிரி கம்பீரமா எழும்பி, 'நிமிர்ந்து உட்காரு'ன்னு சொல்லும். ஆனா ஒருமுறை கேட்டுட்டீங்கன்னா, 'காம் பியானோ'வெல்லாம் எவ்வளவு தண்ணியா இருக்குன்னு புரிஞ்சிடும். ஆசிரமத்தோட இணையதளத்துலயே கேட்கலாம். ஆரோவில் மாத்ரிமந்திர் அருகே இருக்கிற ஆம்பிதியேட்டர்ல வியாழக்கிழமை சாயங்காலங்கள்ல, சூரியன் மறையுற நேரத்துல, அன்னை வாசிச்ச 'சாவித்ரி'யோட சேர்த்து இவர் இசையைக் கேட்கிற வழக்கமும் உண்டு.

ஆரோவில்லயே 2003-ல தொடங்கின 'ஸ்வரம்'னு ஒரு இசைக்கருவிப் பட்டறை இருக்கு. (பாண்டிக்காரங்க 'நம்ம ஆரோவில்'னு சொன்னாலும், அதோட பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம்ங்க!) சுற்றுவட்டார கிராமத்துப் பசங்களுக்குப் பயிற்சி கொடுத்து, காத்துல ஒலிக்கிற மணிகள், கையால தேய்ச்சா முழங்குற கல்னு செய்றாங்க. கஃபேல கேட்ட அந்த 'தூரத்து மணி' இங்கே ஒருத்தர் கையால ராவி, சுருதி சேர்த்தது.

இன்னும் பின்னாடி போனா, நம்ம கோயில்ல நாதஸ்வரத்துக்குப் பக்கத்துல ஒருத்தர் நின்னு ஒரே ஸ்வரத்தை விடாம ஊதிக்கிட்டிருப்பார். ஒத்துக்காரர். 'ஒத்து ஊதுறான்'னு இன்னிக்குத் திட்டுற வார்த்தையா ஆயிடுச்சு. ஆனா மணிக்கணக்கா மூச்சைப் பிடிச்சு அந்த ஒரு ஸ்வரத்தை நிறுத்தறவர் இல்லைன்னா, மேல ராகம் நிக்காது. போஸ்டர்ல அவர் பேர் வராது. எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வந்ததும் முதல்ல காணாமப்போனது அவர்தான். பேர் இல்லாத பின்னணிக்காரரை ஒரு பெட்டி தூக்கிடும்ங்கிறதை ஏ.ஐ வந்துதான் நாம தெரிஞ்சுக்கணும்னு இல்லை.

எக்கோ வெச்ச மைக் செட்காரர்!

டப் இசைக்கு வருவோம். இது நமக்குப் புரியாத சமாசாரம்னு நினைச்சீங்கன்னா, மாசி மகத்தன்னிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வாங்க. சுத்துப்பட்டுக் கோயில் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிக்கும். கூட்டத்துக்கு நடுவுல மைக் செட்காரர் எக்கோவைத் திருகிவிட்டு 'ஹலோ... லோ... லோ...'ன்னு சோதிப்பார். அந்தத் திருகலையே கலையாக்கினா அதுதான் டப்.

ஜமைக்காவோட கிங்ஸ்டன்ல, வாட்டர்ஹவுஸ் பகுதியில ஆஸ்போர்ன் ரடக்னு ஒரு எலக்ட்ரீஷியன். ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் செய்வார். சொந்தமா மைக் செட்டும் வெச்சிருந்தார், அங்கே அதுக்குப் பேர் சவுண்ட் சிஸ்டம். 70-கள்ல தன்னோட சின்ன ஸ்டுடியோவுல, ஏற்கெனவே பதிவான ரெகே பாட்டுலேருந்து குரலை உருவிட்டு, பாஸையும் டிரம்ஸையும் முன்னாடி கொண்டுவந்து, நடுநடுவே கிட்டாரையோ குரலையோ ஒரு துண்டு எறிந்து எக்கோவுல கரைய விட்டார். உலகத்துக்கு அவர் கிங் டப்பி. 1976-ல வந்த அகஸ்டஸ் பாப்லோவோட ஆல்பத்துக்குப் பேரே 'கிங் டப்பிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்'. மிக்ஸிங் மேஜைக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கிற ஆளோட பேர் ஆல்பம் தலைப்புக்கே வந்துடுச்சு பாருங்க! எல்லாத்தையும் நீக்கி நீக்கி, கடைசியில மிஞ்சின வெற்றிடத்துலயும் இது யார் கைன்னு தெரிஞ்சது. 1989-ல அவரை வீட்டு வாசல்லயே சுட்டுக் கொன்னுட்டாங்க.

டவுன்டெம்போ இதோட பேரப்பிள்ளை. ஜமைக்காவுலேருந்து இங்கிலாந்து போனவங்க சவுண்ட் சிஸ்டத்தையும் கூடவே கொண்டுபோனாங்க. பிரிஸ்டல் நகரத்துல அதைக் கேட்டு வளர்ந்தவங்கதான் மாஸிவ் அட்டாக். அவங்க 'புரொடெக்‌ஷன்' (1994) ஆல்பத்தைக் கேட்டுட்டு, உடனே அதையே மேட் புரொஃபசர் டப்பா மாத்தின 'நோ புரொடெக்‌ஷன்' (1995) கேளுங்க. ஒரே பாட்டு, ரெண்டு மனசு. டப்னா என்னன்னு இதைவிட எளிமையா யாரும் சொல்லித்தர முடியாது. 'பம்பாய்' படத்தோட தீம் இசை, லண்டன்ல தல்வின் சிங் தொகுத்த 'அனோகா' (1997) ஆல்பத்துல இடம்பிடிச்சதும் இதே அலையிலதான். ரஹ்மான் ரசிகரா இருந்தா அந்தக் கதவு வழியாவே உள்ளே போங்க. தஞ்சாவூர்ப் பூர்வீகம் கொண்ட தமிழ்ப் பெற்றோருக்கு லண்டன்ல பிறந்த சுசீலா ராமனோட 'சால்ட் ரெயின்' (2001) பக்கத்துலயே இருக்கும்.

சரி, எப்படித் தேடுறது?

மூடை டைப் பண்ணாதீங்க, ஆளை டைப் பண்ணுங்க. பிடிச்ச ஆல்பத்துல தயாரிப்பு யாரு, மிக்ஸ் செஞ்சது யாரு, எந்த லேபிள்னு பார்த்துட்டு, அந்தப் பேரைத் தேடுங்க. புதுசா ஒரு பேர் தட்டுப்பட்டா, அவருக்கு ஒரு ஊர், ஒரு பேட்டி, ஒரு மேடை இருக்கான்னு பாருங்க. எதுவுமே இல்லாம மாசத்துக்கு ஒரு ஆல்பம் வந்துக்கிட்டிருந்தா சந்தேகப்படலாம். ரொம்பப் பிடிச்சா பேண்ட்கேம்ப்ல ஆல்பமாவே வாங்கிடுங்க. அங்கே சராசரியா 82 சதவிகிதம் கலைஞருக்கோ லேபிளுக்கோ போகுது. ஒரு ஆல்பம் விலையில அவங்களுக்குக் கிடைக்கிறது, ஸ்ட்ரீமிங்ல கிடைக்க நீங்க திரும்பத் திரும்ப ரொம்ப நாள் கேட்கணும்.

இன்னொண்ணு, டப்பை மட்டும் போன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு 'ஒண்ணுமே இல்லையே'ன்னு சொல்லிடாதீங்க. அந்தக் குட்டி ஸ்பீக்கரால பாஸைக் கொடுக்கவே முடியாது. நீங்க கேட்டது கறி எடுத்த குழம்பு. நல்ல ஹெட்போனோ, நண்பன் வீட்டு ஸ்பீக்கரோ வேணும். ஆம்பியன்ட்டுக்கு அது தேவையில்லை. ராத்திரி வண்டிகளை நிறுத்தின பிறகு கடற்கரைச் சாலையில, பாறையில அடிக்கிற அலைச் சத்தத்தோட சேர்த்து, குறைச்ச வால்யூம்ல கேட்டுப் பாருங்க. துறைமுகம் கட்டின பிறகு மணல் அரிச்சுப்போய்க் கொட்டின பாறை அது. மணல்ல அலை 'ஸ்ஸ்'ங்கும், இங்கே 'தொம்'ங்கும். 'பத்து மணி நேரக் கடல் ஓசை' வீடியோ எதுலயும் எங்க ஊர்க் கடல் இல்லை.

போன வாரம் அதே கஃபேக்குப் போனேன். தம்பி போனுக்கு ரெண்டு லிங்க் அனுப்பினேன். சுனிலைப் போட்டார். நாலு நிமிஷம் கேட்டுட்டு, "நல்லாருக்குண்ணா, ஆனா கடைக்கு சரிவராது. கஸ்டமரெல்லாம் பேச்சை நிறுத்திட்டு சாமி கும்பிடுற மாதிரி உட்கார்ந்திருக்காங்க" என்றார். சாட்டி கேட்டிருந்தா தலையில அடிச்சிக்கிட்டிருப்பார். அடுத்து பாப்லோ. பாஸ் இறங்கினதும் என் தட்டுல இருந்த ஸ்பூன் லேசா கிணுகிணுத்துச்சு. தம்பி ஒரு பில்லைக் கிழிச்சு, பின்பக்கத்தைத் திருப்பி நீட்டினார். "பேரை எழுதிக் குடுங்கண்ணா."